பேரன் கழுத்தில் தொங்கிய டைனோசர் பல்

அண்ணன் பேரனுக்குக் காது குத்திய அன்று, காங்கேயம் பக்கத்துக் குலதெய்வக் கோயில் மண்டபத்தில், ஒரு வயது நிறையாத அந்தக் குழந்தையின் கழுத்தில் என் பல் தொங்கிக்கொண்டிருந்தது.

என் வாய்ப் பல் இல்லை. என் கிளினிக் அலமாரியில் இருந்த பல். ஆப்பிரிக்காவில் ஆற்று மீனைப் பிடித்துத் தின்று வாழ்ந்த ஸ்பைனோசாரஸ் என்ற டைனோசருடையது. என் நடுவிரல் நீளம் இருக்கும். பத்துக் கோடி ஆண்டு மண்ணுக்குள் கிடந்து கல்லாகிப்போன பல்.

அதன் அடியில் துளை போட்டு, தங்கப் பூண் கட்டி, வளையம் மாட்டி, சங்கிலியில் கோத்துப் போட்டிருந்தார்கள். மொட்டையடித்த தலையில் சந்தனம் காயாமல் வழிந்துகொண்டிருந்தது. பல் முளைக்கிற பருவம், ஈறு அரிக்கும் அல்லவா, குழந்தை அந்த நுனியை வாயில் வைத்து நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது.

 கையில் வாங்கின பந்திக் காபியைக் கீழே வைத்துவிட்டேன்.

இந்தத் தொடரை வாராவாரம் படிக்கிற ஒரு வாசகர் சென்ற வாரம் கேட்டிருந்தார்: "டாக்டரம்மா, நீங்க சேர்த்து வெச்சிருக்கிற டைனோசர் பல்லெல்லாம் அசல்தானுங்களா?" மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறார். அவருக்கான பதில் இந்த வாரம். படித்துவிட்டுச் சிரித்தால் சிரிக்கட்டும்.

பல் பார்த்து வாங்குகிற குடும்பம்

எங்கள் அப்பா அந்தியூர் சந்தைக்குப் போனால் மாட்டின் முகத்தை முதலில் பார்க்க மாட்டார். கீழுதட்டை இழுத்து, பல்லைத்தான் பார்ப்பார். "ரெண்டு பல்லு", "நாலு பல்லு" என்று வயதைச் சொல்வார். வியாபாரி என்ன சத்தியம் செய்தாலும் சரி, விரலை உள்ளே விட்டு ஆட்டிப் பார்க்காமல் துண்டுக்கடியில் கை கொடுத்து விலை பேசியது கிடையாது. பல்லை அராவி இளம்மாடு என்று விற்க வந்த ஒருவரை, "ஏனுங்க, இதுக்கு நீங்களே பல்லு வெளக்கி உட்டீங்களாட்ட இருக்குது" என்று சந்தை நடுவில் மானத்தை வாங்கினார்.

அந்த மனிதரின் மகள் நான். அதுவும் போதாதென்று பல் மருத்துவம் படித்தேன். கோயமுத்தூரில் முப்பது வருடமாகப் பிறர் வாய்க்குள் கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மாட்டுக்குப் பல் பார்த்து வாங்குகிற வீட்டில் பிறந்து, பல்லையே படித்து, கடைசியில் பல்லிலேயே ஏமாந்தவள் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பல் மாநாடு என்று எந்த நாட்டுக்குப் போனாலும், மாநாடு முடிந்த மறுநாள் நான் கல்லும் எலும்பும் விற்கிற கடையைத் தேடிப் போய்விடுவேன். கணவர் ஆரம்பத்தில் கூட வந்தார். அப்புறம் ஓட்டல் அறையிலேயே தூங்கிப் பழகிக்கொண்டார். அமெரிக்காவில், ஜெர்மனியில், அர்ஜென்டினாவில், மொராக்கோவில் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து முப்பத்தாறு பல் ஆனது.

கிளினிக்கில் நோயாளிகள் காத்திருக்கிற அறையில் கண்ணாடி அலமாரி செய்து வைத்தேன். வேர் சிகிச்சைக்குப் பயந்து உட்கார்ந்திருக்கிறவர்கள் அதைப் பார்த்துப் பயத்தை மறப்பார்கள். "இதுக்குப் பல்லு புடுங்கறதுன்னா நீங்க எங்கீங்க நிப்பீங்க?" என்று கேட்ட தாத்தாவும் உண்டு.

பெயர்ச்சீட்டு

இந்தச் சேகரிப்பில் ஒரு விதி உண்டு. பல்லுக்குப் பக்கத்தில் ஒரு சீட்டு இருக்க வேண்டும். எந்த விலங்கு, எந்த ஊர் மண், யார் கண்டெடுத்தது. சீட்டு இல்லாத பல் வெறும் கல். ஊர் பேர் தெரியாத கல்லுக்கு என்ன மதிப்பு?

அதனால் எங்கே வாங்கினாலும் கண்டெடுத்தவர் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்வேன். இதில் எனக்குத் தனிப் பெருமை. மண்ணைத் தோண்டினவனை மறந்துவிட்டு, வாங்கினவன் பெயரைப் பொன்னெழுத்தில் போடுகிற பெரிய பெரிய ஆட்களைப் பார்த்திருக்கிறேன். நான் அப்படி இல்லை என்று மேடையிலேயே சொல்லியிருக்கிறேன். இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மொராக்கோவில் பாலைவனம் தொடங்குகிற ஒரு சின்ன ஊர். இருபது வருடம் இருக்கும். தகரக் கொட்டகைக் கடை. புதினா போட்ட தேநீர், பல் கூசுகிற இனிப்பு. கடைக்காரர் பழைய துணியைப் பிரித்து அந்தப் பல்லை எடுத்தார். தேன் நிறம். நுனியிலிருந்து அடிவரை மெல்லிய கோடுகள். 

தோண்டி எடுத்தது யார் என்று கேட்டேன். மார்பில் கை வைத்து, தான்தான் என்றார். பெயர் யூசுப். எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டேன். பல்லை ஆட்டிப் பார்க்கவில்லை. உரசிப் பார்க்கவில்லை. என் அப்பா உயிரோடு இருந்திருந்தால் அங்கேயே என் காதைத் திருகியிருப்பார்.

புலி நகத்துக்குப் பதில்

மண்டபத்துக்கு வருகிறேன்.

அண்ணன் காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் மில் வைத்திருக்கிறார். இரண்டு மாதத்துக்கு முன்னால் கிளினிக்குக்கு வந்து, "அம்மணி, அந்தப் பெரிய பல்லக் குடு. ஊட்டுக்கு ஒறம்பர வர்றாங்க, காட்டிப்போட்டுத் தாரேன்" என்று கேட்டார். என் பல்லை நாலு உறவுக்காரர்களுக்குக் காட்ட ஆசைப்படுகிறாரே என்று எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. பஞ்சில் சுற்றி, டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். கேட்டதும் தூக்கிக் கொடுத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவரைத் தூணோரம் இழுத்துக்கொண்டு போனேன்.

"என்னங்ண்ணா இது?"

"ஏன் அம்மணி, நல்லாத்தான இருக்குது?"

"நல்லா இருக்குதுங்களா? பத்துக் கோடி வருசத்துப் பல்லுங்ண்ணா. அதுல ஓட்டை போட்டிருக்கீங்க!"

எங்கள் ஊர்க் கோபத்துக்கு இது ஒரு சாபக்கேடு. கொலை செய்யப் போனாலும் 'ங்க' போட்டுத்தான் போக வேண்டும். அரிவாளை ஓங்கினவன்கூட, கொஞ்சம் கழுத்தக் காட்டுங்க என்றுதான் கேட்பான். பல்லைக் கடித்துக்கொண்டு மரியாதை கொடுத்தே எங்களுக்கெல்லாம் தாடை தேய்ந்துவிட்டது. நான் சொல்லவில்லை, என்னிடம் வருகிற எக்ஸ்ரே சொல்கிறது.

அண்ணன் நிதானமாக விளக்கினார். எங்கள் வீட்டில் ஆண் குழந்தைக்குக் காது குத்தும்போது புலி நகம் கோத்த சங்கிலி போடுவது வழக்கம். பயம் அண்டாது என்பார்கள். பழைய புலி நகத்தை இப்போது வெளியே எடுத்தால் வனத்துறைக்காரர்கள் வந்து நிற்பார்கள். பெங்களூரில் வேலை பார்க்கிற மகன் கூடவே கூடாது என்று சொல்லிவிட்டான்.

"அதான் ரோசனை பண்ணுனேன். புலிய விட இது பெருசுதான? செத்து இத்தன கோடி வருசமாச்சு, எவன் வந்து கேஸ் போடுவான்?"

 உலகத்தில் வேறு எந்த ஊரிலாவது டைனோசர் பல்லைப் பார்த்த மனிதனுக்கு இந்த யோசனை வருமா?  விறுவிறுவென்று போய், தாய்மாமன் மடியில் உட்கார்ந்திருந்த குழந்தையின் கழுத்திலிருந்து சங்கிலியைக் கழற்றினேன்.

குழந்தை வீரிட்டது. காது குத்தும்போதுகூட அவ்வளவு அழவில்லை. நல்ல காரியத்தில் குழந்தை கழுத்துத் தங்கத்தைக் கழற்றுவது எவ்வளவு பெரிய குற்றம் என்று எனக்குத் தெரியும். மண்டபமே என்னைத்தான் பார்த்தது. "ஏனுங்க, இந்த நேரத்துல இது வேணுமுங்களா?" என்று அண்ணி கண் கலங்கினார்.

பிசின் வாசம்

காது குத்திய ஆசாரி அங்கேயேதான் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். மாரிமுத்து ஆசாரி. எங்கள் வீட்டு நகையெல்லாம் அவர் கைவேலை. பல்லில் துளை போட்டதும் அவராகத்தான் இருக்க வேண்டும். அவர்மேல் பாய்ந்தேன்.

"கோயில் சிலையில ஓட்டை போடச் சொன்னாப் போடுவீங்களாங்க? இது அதைவிடப் பழசுங்க!"

ஆசாரி எழுந்து நின்றார். அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தலை குனிந்துகொண்டார்.

"டாக்டரம்மா, கோவிச்சுக்காதீங்க. நுனி மட்டுந்தானுங்க கல்லு. அடியில துளை போட்டேனுங்க, வெண்ணையாட்டம் எறங்கிப்போச்சு. கல்லுன்னா தூசி பறக்கோணும். இதுல பிசின் கருகுற வாசம் வந்துச்சுங்க."

நான் பல்லைத் திருப்பினேன். பூணின் ஓரத்தில் துளை தெரிந்தது. மூக்கருகில் கொண்டுபோனேன். குழந்தையின் எச்சில் வாசம், சந்தனம். அவற்றுக்கு அடியில் மிக லேசாக அது. பல் செட்டை உரசிச் சரிசெய்யும்போது நாள்தோறும் என் அறையில் எழுகிற வாசம். முப்பது வருடமாக எனக்குத் தெரிந்த வாசம்.

"எப்பங்க தெரியும் உங்களுக்கு?"

"ரெண்டு மாசமாச்சுங்க. உங்கண்ணாரு சொல்ல வேண்டாம்னுட்டாருங்க."

அண்ணன் அருகில் வந்தார். "சொன்னா உனக்குப் பொக்குனு போயிருமேன்னுதான் அம்மணி சொல்லுலே."

மனசு வாடிப்போகும் என்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பொக்குனு போகும். அண்ணிக்குத் தெரியும். மகனுக்கு, மருமகளுக்குத் தெரியும். மில் கணக்குப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். பொங்கலுக்கு எல்லாரும் கூடி உட்கார்ந்திருந்தபோது, மொராக்கோ கதையை நான் மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ சொன்னேன். எல்லாரும் "அப்பிடீங்களா, அப்பிடீங்களா" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு முகம்கூட மாறவில்லை.

"பொய்யின்னு தெரிஞ்சும் ஏனுங்ண்ணா குழந்தைக்குப் போட்டீங்க?"

"நீ குடுத்ததுன்னுதான். உள்ள என்ன இருந்தா என்ன அம்மணி?"

பாசமாகத்தான் சொன்னார். அதுதான் என்னைக் கொன்றது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. இந்த இரண்டு மாதமாக நான் பேசியதை அவர்கள் குழந்தை மழலையாகக் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். சாப்பிடாமல் கிளம்பினேன். காது குத்து விருந்தில் சாப்பிடாமல் போன அத்தைப் பாட்டி என்று அந்தக் குழந்தை வளர்ந்த பிறகும் என்னைச் சொல்லிக் காட்டுவார்கள். சொல்லட்டும்.

ஆறடி தூரம்

நேராகக் கிளினிக்குக்கு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை, யாரும் இல்லை. பல்லை எக்ஸ்ரே இயந்திரத்தின் அடியில் வைத்தேன். நுனி, நடு, அடி என்று மூன்று படம். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

திரையில் நுனி மட்டும் கெட்டியாகத் தெரிந்தது. அதற்குக் கீழே வேறு ஏதோ ஒரு பல்லின் துண்டு, கோணலாக. மற்றதெல்லாம் மங்கல், மணல் பொடி, அதற்குள் உருண்டை உருண்டையாகக் கறுப்புக் குமிழிகள். ஆசாரி போட்ட தங்கப் பூண் மட்டும் பளீரென்று இருந்தது. அந்தப் பல்லில் முழுசாக அசலாக இருந்தது அது ஒன்றுதான்.

யூசுப்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் பிழைப்பு அது, வேலையும் சுத்தம். அவரையே வேறு யாராவது ஏமாற்றியிருக்கலாம்.

என் கோபம் வேறு. அலமாரிக்கும் எக்ஸ்ரே இயந்திரத்துக்கும் நடுவே ஆறடிகூட இல்லை. ஒரு நாளைக்குப் பத்துப் பேர் பல்லைப் படம் எடுக்கிறேன். எறும்பு கடித்த மாதிரி வலிக்கிறது என்று வருகிறவர்களைக்கூட, எதற்கும் ஒரு படம் பார்த்துவிடலாமே என்பேன். இந்த முப்பத்தாறில் ஒன்றைக்கூட ஏன் வைத்துப் பார்க்கவில்லை? மறந்துபோனேன் என்று சொன்னால் அது புளுகு. பார்க்கப் பயம். அவ்வளவுதான்.

அன்று மீதி முப்பத்தைந்தையும் படம் எடுத்தேன். இன்னும் எட்டு தேறவில்லை.

குமிழி

திரையில் இருந்த குமிழிகளைப் பார்க்கப் பார்க்க ஒரு முகம் வந்து நின்றது.

ஏழெட்டு வருடம் முன்பு. இரும்பு வார்க்கிற பவுண்டரிகள் நிறைந்த பகுதியில் ஒரு பள்ளிக்கூடம். வருடத்துக்கு ஒரு தடவை அங்கே போய், பிள்ளைகளுக்குப் பல் பார்த்துவிட்டு, இந்தப் பல்லைக் கையில் கொடுத்துக் கதை சொல்வேன். ஆறாம் வகுப்பில் மூன்றாவது வரிசையில் ஒரு பெண் அதைக் கொடுக்காமல் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"டாக்டர், இந்த ஓரத்துல குமிழி இருக்குதுங்க. எங்கப்பா பவுண்டரிக்கு அச்சு செய்யற பேட்டர்ன் கடையில பிசின் ஊத்துவாருங்க. சரியா ஊத்துலீன்னா இப்பிடித்தானுங்க குமிழி வரும். கல்லுக்குள்ள எப்பிடிங்க வந்துச்சு?"

எவ்வளவு அழகான கேள்வி! பார்த்திருக்கிறாள். அப்பாவின் தொழிலோடு ஒப்பிட்டிருக்கிறாள். எழுந்து நின்று, மரியாதையாகக் கேட்டிருக்கிறாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"பிசின் ஊத்தறவருக்கு டைனோசர் பல்லப் பத்தி என்ன தெரியும்? உக்காரு."

வகுப்பு சிரித்தது. அவள் பல்லைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். அப்புறம் நிமிரவே இல்லை. நான் கதையைத் தொடர்ந்தேன், கைதட்டல் வாங்கினேன், டீ குடித்தேன், காரில் ஏறினேன்.

என் வீட்டு ஆட்கள் என்னிடம் உண்மையை மறைத்தார்கள் என்று சாப்பிடாமல்கூடக் கிளம்பி வந்தேனே. சொன்ன ஒரே ஒருத்தியை நான் என்ன செய்தேன்?

காலி இடம்

அதே பள்ளிக்கு என் சேகரிப்பு முழுவதையும் கொடுப்பதாக ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தேன். அடுத்த வாரமே திறப்பு விழா. அதற்கான கண்ணாடி அலமாரி பள்ளியில் வந்து இறங்கிவிட்டது. தலைமையாசிரியையைப் போய்ப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண்ணின் பெயர் வேண்டும் என்றும் கேட்டேன்.

"அந்த வருசம் ஆறாவதுல மூணு செக்‌ஷனுங்க மேடம். பேட்டர்ன் கடையில வேலை செய்யிற அப்பாங்க பாதிப் பேருங்க. எந்தப் புள்ளைன்னு சொல்றது?"

இரட்டைச் சடை என்றேன். எல்லாருக்கும் இரட்டைச் சடைதான் என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பொய்ப் பல்லு விசயத்தை விழாவுல சொல்ல வேண்டாமுங்களே. பெரிய ஆளுங்க வாராங்க. புள்ளைங்களுக்கும் பொக்குனு போயிருமுங்க" என்றார்.

"போகட்டுமுங்க" என்றேன். "நல்லாப் போகட்டுமுங்க!" மேசையைத் தட்டிவிட்டேன் போலிருக்கிறது. பேனா ஸ்டாண்ட் உருண்டு விழுந்தது.

விழாவில் சொன்னேன். ஒன்பது பொய்ப் பல்லையும் தனித் தட்டில், எக்ஸ்ரே படங்களோடு வைத்தேன். பெரிய ஆட்கள் செருமினார்கள். பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு வந்தது அந்தத் தட்டுக்குத்தான். அசல் பல்லை யாரும் சீந்தவில்லை.

அண்ணனோடு இன்னும் பேசவில்லை. தினமும் போன் செய்கிறார். எண்ணெய் டின் அனுப்புகிறார். எண்ணெயை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பூணை உருக்கித் தருகிறேன் என்று ஆசாரி சொல்லி அனுப்பினார். வேண்டாம் என்றுவிட்டேன். அது அப்படியே இருக்கட்டும், பல்லோடு.

அந்தப் பல்லுக்குப் புதிதாகச் சீட்டு எழுதினேன். பழைய சீட்டில் 'கண்டெடுத்தவர்: யூசுப்' என்று என் கையெழுத்தில் அழகாக இருந்தது. புதியது இது:

*நுனி: ஸ்பைனோசாரஸ். மீதி: பிசின், மணல்.*
*விற்றவர்: யூசுப், மொராக்கோ.*
*ஏமாந்தவர்: பல் டாக்டர்.*
*கண்டுபிடித்தவர்: இந்தப் பள்ளியின் ஆறாம் வகுப்பு மாணவி. பெயர்:*

அதற்குப் பக்கத்தில் ஒரு பெயர் எழுதுகிற அளவுக்கு இடம் விட்டிருக்கிறேன். இப்போது கல்லூரியில் இருப்பாள். இந்த வாரப் பத்திரிகை அவள் கையில் கிடைத்தால், ஒரு நடை வந்து அவளே எழுதிவிட்டுப் போகட்டும். எனக்கு முகம் காட்ட வேண்டும் என்றுகூட இல்லை.

கூட்டம் கலைந்த பிறகு ஒரு சின்னப் பெண் கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்துக்கொண்டு சீட்டைப் படித்தாள். கடைசி வரியில் விரலை வைத்தாள்.

"டாக்டர், இங்க பேரு எழுத மறந்துபோட்டீங்களா?"

"மறக்கலை கண்ணு," என்றேன். "நான் கேக்கவே இல்லை."